காற்றாலை விசிறி ஏன் துள்ளுகிறது? குமரி வாசகர்களின் ஃபிரேம் ரேட் கேள்விகள்

இந்த மாதக் கடிதக் கட்டில் கன்னியாகுமரி மாவட்டத்து உறைகள் அதிகம். கல்யாண வீடியோ, கோயில் கொடை விழா, சர்ச் திருவிழா, குறும்படம் என்று எடுப்பது வேறுவேறாக இருந்தாலும் கேள்வியின் வேர் ஒன்றுதான். ஒரு கேமரா நொடிக்கு 25 ஃபிரேம் (அதாவது 25 தனிப் படம்), இன்னொன்று 30, போன் 60. கடைசியில் எல்லாம் ஒரே டைம்லைனில், அதாவது எடிட்டிங் மென்பொருளில் கிளிப்புகளை அடுக்கும் வரிசையில், வந்து விழுகிறது. எனவே இம்முறை முழுப் பகுதியையும் இதற்கே ஒதுக்கிவிட்டோம். கேட்டவர்களின் ஊர் மட்டும் தரப்பட்டுள்ளது.

கேள்வி: கல்யாண வேலை செய்கிறோம். மெயின் கேமரா 25. ட்ரோன்காரர் 30-இல் எடுத்துத் தருகிறார். மாப்பிள்ளையின் நண்பர்கள் போனில் 60-இல் எடுத்ததும் வந்து சேரும். டைம்லைன் 25. முப்பந்தலில் எடுத்த ட்ரோன் ஷாட்டில் காற்றாலை விசிறி துள்ளித் துள்ளிச் சுற்றுகிறது. ட்ரோன் கேமராவில் கோளாறா? (தக்கலை)

பதில்: ட்ரோன் மேல் தப்பில்லை. கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 15 சுற்று சுற்றும் விசிறி நொடிக்கு 90 டிகிரி திரும்பும். 30 ஃபிரேமில் எடுத்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இறக்கை 3 டிகிரி நகர்ந்திருக்கும். அதை 25 டைம்லைனில் போட்டதும் மென்பொருள் ஆறு ஃபிரேமுக்கு ஒன்றைத் தூக்கி எறிகிறது. இறக்கை 3, 3, 3, 3 என்று போய்விட்டு ஒரு தடவை 6 டிகிரி தாவுகிறது. நொடிக்கு ஐந்து தாவல். மணமக்கள் அசையாமல் நிற்கும் ஷாட்டிலும் இதே தாவல் உண்டு, கண்ணில் படாது, அவ்வளவுதான். ஒரே சீராக நகரும் பொருள்தான் காட்டிக்கொடுக்கும்: விசிறி, ரயில், தேர், பக்கவாட்டில் நகரும் ட்ரோன் ஷாட்.

சந்தேகமிருந்தால் அந்த ஷாட்டில் நின்று வலது அம்புக்குறிப் பட்டனை ஒவ்வொரு தடவையாக அழுத்துங்கள். மானிட்டரில் இறக்கை நுனிக்கு நேரே பேனா முனையை வைத்துக்கொண்டு பார்த்தால், ஐந்து அழுத்தலுக்கு ஒருமுறை நுனி இரட்டிப்புத் தூரம் போவது தெரியும். மாறாக, ஏதோ ஓர் அழுத்தலில் படம் அசையவே இல்லையென்றால் தவறு எதிர்ப்பக்கம்: குறைந்த ஃபிரேம் கிளிப்பை அதிக ஃபிரேம் டைம்லைனில் போட்டிருக்கிறீர்கள். 24-ஐ 25-இல் போட்டால் நொடிக்கு ஒரு ஃபிரேம் இரண்டு தடவை வரும். 25-ஐ 30-இல் போட்டால் ஐந்துக்கு ஒன்று இரண்டு தடவை வரும்.

சரிசெய்யும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த ஷாட்டின் சொந்தச் சத்தம் வேண்டுமா? ட்ரோன் ஷாட்டுக்கு வேண்டாம், மேலே பாட்டுத்தானே ஓடப்போகிறது. அப்படியானால் ஃபிரேமை மாற்றாதீர்கள், வேகத்தை மாற்றுங்கள். பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் பிராஜெக்ட் பேனலில் கிளிப்பின் மேல் ரைட் கிளிக் செய்து, மாடிஃபை, அதற்குள் இன்டர்பிரட் ஃபுட்டேஜ் போய், 'அஸ்யூம் திஸ் ஃபிரேம் ரேட்' என்ற இடத்தில் 25 கொடுங்கள். டாவின்சி ரிசால்வில் மீடியா பூலில் ரைட் கிளிக், கிளிப் ஆட்ரிபியூட்ஸ், அங்கே வீடியோ ஃபிரேம் ரேட் 25. இனி 30-இல் எடுத்த 10 நொடி, 12 நொடியாக ஓடும்; வேகம் 83.33 சதவீதம். எடுத்த ஃபிரேம் ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவை வரும். விசிறி சற்று மெதுவாக, ஆனால் வழுக்கிக்கொண்டு சுற்றும்.

இதைக் கிளிப்பை வெட்டி அடுக்கும் முன்பே செய்துவிட வேண்டும். பிறகு செய்தால் வெட்டிய இடமெல்லாம் நகர்ந்துபோகும். சத்தமும் சேர்ந்து இழுபடும் என்பதால், சத்தம் தேவைப்படும் கிளிப்பானால் பிராஜெக்டில் ஒரு நகல் எடுத்து நகலில் மட்டும் செய்யுங்கள். செண்டை மேளத்தை மேலிருந்து எடுத்த ஷாட்டுக்கு இந்த வழி சரிப்படாது. கீழே கேமராவில் பதிவான தாளம் ஓடிக்கொண்டிருக்கும், கோல் மட்டும் சோம்பலாக விழும்.

உண்மையான வேகமே வேண்டும் என்றால் மூன்று வழி மென்பொருளில் உண்டு. ஃபிரேம் சாம்ப்ளிங், ரிசால்வில் இதற்கு நியரஸ்ட் என்று பெயர், இருப்பதை எடுத்து மீதியைத் தள்ளும்; துள்ளல் இதனால்தான். ஃபிரேம் பிளெண்டிங் அடுத்தடுத்த இரண்டு ஃபிரேமைக் குழைத்து ஒன்றாக்கும். துள்ளல் குறையும், ஆனால் இறக்கைக்கு ஆவி பிடித்த மாதிரி இரட்டை விளிம்பு வரும். ஆப்டிகல் ஃபுளோ, நடுவில் இல்லாத ஃபிரேமைக் கணக்குப் போட்டு வரைந்து தரும். ட்ரோன் நேராக முன்னே போகிற ஷாட், மலை, தென்னந்தோப்பு, கடல் விளிம்பு என்றால் ஆப்டிகல் ஃபுளோ அழகாக வரும். விசிறிக்கு வராது. மெல்லிய இறக்கை வெறும் வானத்தைக் குறுக்காக வெட்டும்போது எது இறக்கை எது வானம் என்று தடுமாறி, நுனியை மெழுகு மாதிரி உருக்கிவிடும். கொடிக்கம்பம், வேலிக்கம்பி, கூட்டத்தில் ஒருவரை ஒருவர் கடந்து போவது ஆகியவையும் அப்படியே. ஷாட் ஒவ்வொன்றுக்கும் தனியாகத் தேர்ந்தெடுங்கள். மொத்த டைம்லைனுக்கும் ஆப்டிகல் ஃபுளோவைப் போட்டுவிட்டுத் தூங்கப்போவது வேண்டாம். காலையில் மணமகளின் விரல்கள் எண்ணிக்கை மாறியிருக்கும்.

நண்பர்களின் 60 கிளிப் உங்களுக்கு நல்லதுதான். 60-ஐ 25-இல் போட்டால் 2.4-க்கு ஒன்று எடுக்க வேண்டியிருப்பதால் 2, 3, 2, 3, 2 என்று ஏறுமாறாகத்தான் தாவும். ஆனால் படி சின்னது என்பதால் தவறும் பாதிதான். 30-ஐப் போட்டதைவிடக் கண்ணுக்கு உறுத்தல் குறைவு. போனில் 25 வைக்கத் தெரியாத நண்பரிடம் '30 வேண்டாம், 60-இல் எடுப்பா' என்று சொல்லி வையுங்கள்.

அடுத்த கல்யாணத்துக்கு முதல் நாளே ட்ரோன்காரரிடம் 25 வைக்கச் சொல்லிவிட்டால் மேலே எழுதியது எதுவும் தேவைப்படாது. இப்போது புழக்கத்தில் உள்ள ட்ரோன்கள் பெரும்பாலும் 25, 50 இரண்டையும் தருகின்றன. ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒளி விழும் நேரம்) 1/50 நொடி. முப்பந்தல் நண்பகல் வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 2.8 லென்ஸ் என்றால் ஷட்டர் 1/3200 அளவில் போய் நிற்கும். அதை 1/50-க்குக் கொண்டுவர ஆறு ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதியாகும்) குறைக்க வேண்டும், அதாவது வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி 64 ஃபில்டர். ஃபில்டர் இல்லாமல் எடுத்த 25-உம் வெட்டி வெட்டித் தெரியும். அது ஃபிரேம் ரேட் பிழை இல்லை, ஒவ்வொரு ஃபிரேமும் கத்தி மாதிரி கூர்மையாக இருப்பதால் வருவது. பக்கவாட்டில் திருப்பும்போது ஒரு பொருள் படத்தின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் போக ஏழு நொடியாவது ஆகட்டும்.

கேள்வி: அண்ணே, எங்க ஊர்க் கொடையில் வில்லுப்பாட்டை இரண்டு மணி நேரம் போனை ஸ்டாண்டில் வைத்து எடுத்தேன். சத்தம் மிக்சரிலிருந்து தனி ரெக்கார்டரில். தொடக்கத்தில் வீசுகோல் வில்லில் படுவதும் சத்தமும் சரியாகச் சேர்கிறது. போகப்போக கோல் முதலில் படுகிறது, சத்தம் பிறகு வருகிறது. ஒரே அளவாகத் தள்ளிப்போனாலாவது இழுத்துச் சரிசெய்யலாம். நடுவில் ஒரு மாதிரி, கடைசியில் ஒரு மாதிரி இருக்கிறது. (சுசீந்திரம்)

பதில்: கடைசி வரியிலேயே நோயின் பெயரைச் சொல்லிவிட்டீர்கள், தம்பி. சத்தம் விலகுவதில் மூன்று வகை உண்டு, மருந்து மூன்றுக்கும் வேறு. தொடக்கம், நடு, கடைசி என மூன்று இடத்தில் கோல் வில்லில் படும் ஃபிரேமையும் ஒலி அலைப் படத்தில் சத்தம் எழும் இடத்தையும் பிடித்து இடைவெளியைக் குறியுங்கள். நடுவில் உள்ளது கடைசியில் உள்ளதில் சரிபாதியா? அப்படியானால் இரண்டு கருவிகளின் கடிகாரம் ஒத்துப்போகவில்லை, அல்லது 29.97-ஐ 30 என்று எடுத்துக்கொண்ட தவறு. திடீரென்று ஓர் இடத்தில் மட்டும் குதிக்கிறதா? கேமரா ஃபைலைத் துண்டாக உடைத்த இடத்தில் சில ஃபிரேம் போயிருக்கிறது. இரண்டும் இல்லாமல் கன்னாபின்னாவென்று இருந்தால் அது மாறும் ஃபிரேம் ரேட். உங்களுடையது மூன்றாவது.

போன் பெயருக்குத்தான் 30. கொடை இரவில் வெளிச்சம் குறைந்தால் ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்க, ஃபிரேமைக் குறைத்துக்கொள்ளும். ஐபோனில் 'ஆட்டோ எஃப்பிஎஸ்' இயங்கினால் 24 வரை இறங்கும். சூடேறினாலும் ஃபிரேம் தவறும். ஃபைலுக்குள் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நேரக்குறிப்பு இருப்பதால் போனில் பார்க்கும்போது தவறே தெரியாது. எடிட்டிங் மென்பொருள் அந்தக் குறிப்பை விட்டுவிட்டு எல்லாவற்றையும் 30 என்று அடுக்கினால் படம் சீக்கிரம் ஓடி முடிந்துவிடும். சராசரி 29.8 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் 1,07,280 ஃபிரேம். அதை 30-ஆல் வகுத்தால் 3,576 நொடி. ஒரு மணி நேரத்துக்கு 24 நொடி காணாமல் போயிற்று. அதுவும் சீராகப் போகாது. சாமியாட்ட நேரத்தில் லைட்டை அணைத்தபோது அதிகம், விளக்கு வெளிச்சத்தில் குறைவு என்று போகும். அதனால்தான் சத்தத்தை இழுத்து நீட்டினாலும் சேராது.

மீடியாஇன்ஃபோ என்ற இலவசக் கருவியில் ஃபைலைத் திறந்தால் 'ஃபிரேம் ரேட் மோட்' என்ற வரியில் 'வேரியபிள்' என்றும், கீழே குறைந்தது, கூடியது எவ்வளவு என்றும் காட்டும். உறுதியானதும் டைம்லைனில் இருப்பதை விட்டுவிடுங்கள். போனிலிருந்து எடுத்த மூல ஃபைலிலிருந்தே மறுபடி தொடங்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த நகல் உதவாது.

ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருள் இலவசம். ஃபைலைத் திறந்ததும் 'ஃபாஸ்ட் 1080பி30' என்ற பிரீசெட் தானாக நிற்கும். இங்கேதான் பலர் விழுகிறார்கள். பெயரில் 30 இருக்கிறதே என்று ஸ்டார்ட் அழுத்தினால் வருவது மறுபடியும் மாறும் ஃபிரேம் ரேட்தான், ஏனென்றால் அதில் இருப்பது 'பீக் ஃபிரேம்ரேட்': 30-ஐத் தாண்டாதே என்பது மட்டுமே கட்டளை. 4கே-யில் எடுத்திருந்தால் அதையும் 1080-க்குக் குறைத்துவிடும். எனவே வீடியோ பகுதிக்குப் போய் ஃபிரேம்ரேட்டில் 30 வைத்து, கீழே 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். தரம் ஆர்எஃப் 16. டைமென்ஷன் பகுதியில் கிராப்பிங்கை எடுத்துவிடுங்கள். இருட்டான மேடையின் ஓரத்தைக் கறுப்புப் பட்டை என்று நினைத்து வெட்டிவிடும் வாய்ப்பு உண்டு. ஆடியோ பகுதியில் ஏஏசி பாஸ்த்ரூ. போனின் சொந்தச் சத்தம் பதிவில் இருக்கட்டும், ரெக்கார்டர் சத்தத்தைச் சேர்த்துப் பார்க்க அதுவே வழிகாட்டி.

எதற்கு 30, ஏன் 25 இல்லை? உங்களிடம் இருப்பது போன் ஒன்றுதான். டைம்லைனும் 30 ஆகவே இருக்கட்டும். பக்கத்தில் 25-இல் ஓடும் கேமரா ஒன்று இருந்து அதுவே மெயின் என்றால் மட்டும் ஹேண்ட்பிரேக்கிலேயே நேராக 25 கொடுங்கள். 30 ஆக்கி, பிறகு 25 ஆக்குவது இரட்டைச் சேதம். பிரீமியரில் மாறும் ஃபிரேம் ஃபைலுக்கு ஆடியோ சிங்க்கைக் காக்கும் தேர்வு ஒன்று உண்டு. இரண்டு நிமிட வாழ்த்துக் கிளிப்புக்கு அது போதும். இரண்டு மணி நேர வில்லுப்பாட்டுக்கு மாற்றி எடுப்பதுதான் நிம்மதி.

மாற்றிய பிறகும் இரண்டு மணி நேரத்தில் ஓரிரு ஃபிரேம் விலகல் இருக்கலாம். போன் கடிகாரமும் ரெக்கார்டர் கடிகாரமும் தனித்தனி. இது சீரான விலகல் என்பதால் ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் வேகத்தை மாற்றும் இடத்தில் புதிய நீளத்தையே நேராகக் கொடுத்துவிடலாம். அல்லது பாட்டு முடிந்து புலவர் கதை சொல்லத் தொடங்கும் இடைவெளியில் சத்தத்தை வெட்டி ஒரு ஃபிரேம் நகர்த்துங்கள், யாருக்கும் தெரியாது. சத்தம் படத்தை முந்தினால் சுமார் 45 மில்லி நொடியிலேயே கண்டுபிடித்துவிடுவோம், பிந்தினால் 125 வரை பொறுத்துக்கொள்வோம். மைதானத்தில் தூரத்து ஸ்பீக்கர் சத்தம் பிந்தி வருவது நமக்குப் பழக்கம். எனவே சந்தேகமான இடத்தில் சத்தம் ஒரு ஃபிரேம் பிந்தியே இருக்கட்டும்.

விலகல் பெரிதாக இருந்து, சத்தத்தின் சுருதியும் ஏறியோ இறங்கியோ ஒலித்தால் ஃபிரேம் பக்கமே போகாதீர்கள். ரெக்கார்டர் 44.1 கிலோஹெர்ட்ஸில் எடுத்ததை 48 என்றோ, 48-இல் எடுத்ததை 44.1 என்றோ மென்பொருள் வாசித்திருக்கிறது. வீடியோ வேலைக்கு ரெக்கார்டரை எப்போதும் 48-இல் வையுங்கள்.

அடுத்த கொடைக்கு: ஐபோனானால் செட்டிங்ஸ், கேமரா, ரெக்கார்ட் வீடியோ பகுதியில் 'ஷோ பால் (PAL) ஃபார்மட்ஸ்' என்பதை இயக்கினால் 25 வரும், அங்கேயே ஆட்டோ எஃப்பிஎஸ்ஸை அணையுங்கள். பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவச ஆப்பில் 25, ஷட்டர் இரண்டையும் பூட்டி வைக்கலாம். போனை உறையிலிருந்து கழற்றி, ஏரோபிளேன் மோடில் போட்டு, அரை மணிக்கு ஒருமுறை பாட்டு இடைவெளியில் நிறுத்தித் தொடங்குங்கள்.

கேள்வி: சர்ச் திருவிழாவில் 30 ஃபிரேம், 1/60 ஷட்டரில் எடுத்தேன். மேடை விளக்குகளில் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன. எடிட்டிங்கில் 25 ஆக மாற்றினால் போய்விடுமா? (குளச்சல்)

பதில்: போகாது. பட்டை ஒவ்வொரு ஃபிரேமிலும் பதிவாகிவிட்டது. ஃபிளிக்கர் நீக்கும் கருவிகள் ஓரளவு மங்கச் செய்யும், முகத்தின் மேல் ஓடும் பட்டை முழுதாகப் போவது அரிது.

நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ட்யூப் லைட்டும் பல எல்இடி விளக்குகளும் நொடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கின்றன. 1/50 நொடி திறந்தால் சரியாக இரண்டு துடிப்பு, 1/100 திறந்தால் சரியாக ஒன்று. 1/60-இல் ஒன்றும் மூன்றில் இரண்டு பங்கும் விழும். ஒரு ஃபிரேமுக்கு அதிக வெளிச்சம், அடுத்ததற்குக் குறைவு. பழைய பால் டிவி முறை 25-ஐ வைத்துக்கொண்டதற்கும் இந்த 50 ஹெர்ட்ஸ்தான் காரணம். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அவர்களுக்கு 30. கலர் டிவி வந்தபோது அது 29.97 ஆகித் தொல்லை கூடியது வேறு கதை. 30-இல்தான் எடுக்க வேண்டும் என்றாலும் ஷட்டரை 1/50 வைக்கலாம், 60-இல் 1/100 வைக்கலாம். 120-இல் ஒன்றும் செய்ய முடியாது. 1/120-க்கு மேல் திறக்க வழியில்லை. ட்யூப் லைட் மண்டபத்தில் 120 ஸ்லோமோஷன் வேண்டாம், வாசல் வெயிலுக்குக் கூட்டிப்போங்கள்.

கோபுரத்தில் தொங்கவிடும் மலிவான சீரியல் பல்பு மாலைகளில் சில, நொடிக்கு 50 தடவை மட்டுமே மின்னும். அவற்றுக்கு 1/100 போதாது, 1/50 வேண்டும். மேடைக்குப் பின்னால் வைக்கும் எல்இடி திரை தனி ரகம். அதற்கு மின்சாரத்தோடு சம்பந்தமில்லை. கேமராவில் ஷட்டரை நுணுக்கமாக நகர்த்தும் வசதி இருந்தால் பட்டை மறையும் வரை நகர்த்துங்கள்.

கேமராவில் 25 என்ற தேர்வையே காணோம் என்றால் அது என்டிஎஸ்சி என்ற அமெரிக்க முறையில் இருக்கிறது. மெனுவில் பால் என்று மாற்றுங்கள். பல சோனி மாடல்களில் மாற்றியதும் கார்டை ஃபார்மட் செய்யச் சொல்லும். காலையில் எடுத்த கார்டு உள்ளே இருக்கும்போது இந்த வேலை வேண்டாம். பால்-இல் 24 கிடைக்காதே என்று சிலருக்கு வருத்தம். 24-க்கும் 25-க்கும் வித்தியாசத்தைக் கண்ணால் சொல்லக்கூடியவர் மண்டபத்தில் யாரும் இல்லை.

கேள்வி: 25-இல் முடித்த வீடியோவை யூடியூபுக்கு 30 அல்லது 60 ஆக எக்ஸ்போர்ட் செய்தால் இன்னும் ஸ்மூத்தாக வரும் என்கிறார்களே? (மார்த்தாண்டம்)

பதில்: வராது, கெடும். இல்லாத ஃபிரேமை எக்ஸ்போர்ட் பெட்டி எங்கிருந்து கொண்டுவரும்? ஐந்துக்கு ஒன்றை இரட்டித்து 30 ஆக்கும். அந்தத் துள்ளல்தான் மிச்சம். யூடியூப் 24, 25, 30, 48, 50, 60 எல்லாவற்றையும் அப்படியே ஏற்கிறது. எடுத்த ஃபிரேம் ரேட்டிலேயே ஏற்றுங்கள் என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள். பிட் ரேட் (நொடிக்கு எவ்வளவு தகவல்) 1080-க்கு 25 என்றால் 8 எம்பிபிஎஸ், 50 என்றால் 12. 4கே 25-க்கு 35 முதல் 45 வரை, அவர்கள் பரிந்துரை இது. அதற்கு மேல் கொடுத்தாலும் நஷ்டமில்லை, ஏற்ற நேரம்தான் ஆகும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டர் மானிட்டர் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ். 25 ஃபிரேம் வீடியோவை அதில் பார்த்தால் ஒரு ஃபிரேம் இரண்டு தடவை, அடுத்தது மூன்று தடவை என்று காட்டும். ஃபைல் சுத்தமாக இருந்தும் மெல்லிய துள்ளல் தெரியும். வாடிக்கையாளரோடு சண்டை போடும் முன் டிஸ்ப்ளே செட்டிங்கில் 50 ஹெர்ட்ஸ் இருந்தால் மாற்றிப் பாருங்கள், அல்லது 50 ஹெர்ட்ஸில் ஓடக்கூடிய டிவியில் பென் டிரைவைச் செருகிப் பாருங்கள். போனிலேயே எடுத்து போனிலேயே பார்க்கப்போகும் ரீல்ஸ், பகல் வெளிச்சம், வேறு கேமரா இல்லை என்றால் தொடக்கத்திலிருந்தே 30-இல் எடுத்து 30-இல் முடிப்பது நியாயமான முடிவுதான். 25 ஒன்றும் வேதம் இல்லை.

கேள்வி: கேப்கட்டில் எடிட் செய்கிறேன், கேமரா 25. வெளியே வந்ததும் லேசாகத் தட்டுகிறது. (அருமனை)

பதில்: எக்ஸ்போர்ட் பட்டனுக்குப் பக்கத்தில் ரெசல்யூஷன் எழுதியிருக்கும் இடத்தைத் தொடுங்கள். ஃபிரேம் ரேட் 30-இல் நிற்கும். 25-க்கு நகர்த்துங்கள்.

கேள்வி: முட்டம் பாறைகளில் அலை மோதுவதை 60-இல் எடுத்தேன். 25 டைம்லைனில் 50 சதவீத ஸ்பீடு கொடுத்தால் விக்கி விக்கி ஓடுகிறது. 60-இல் பாதி 30 தானே? (நாகர்கோவில்)

பதில்: பாதி 30தான். அந்த 30-ஐ 25-க்குள் திணிக்கிறீர்களே, மறுபடியும் ஆறுக்கு ஒன்று போகிறது. 25 டைம்லைனில் 60-க்குச் சரியான எண் 41.67 சதவீதம், 50-இல் எடுத்திருந்தால்தான் 50, 100 என்றால் 25, 120 என்றால் 20.83. கேமராவில் 60 என்று எழுதியிருந்தாலும் பெரும்பாலும் உள்ளே 59.94 என்பதால் சதவீதம் அடிப்பதைவிட முதல் பதிலில் சொன்னபடி கிளிப்பையே 25 என்று வாசிக்கச் செய்வது பிசிறில்லாதது. அதன்மேல் வேகத்தைத் தொடவே வேண்டாம்.

இன்னும் மெதுவாக வேண்டும் என்று ஆப்டிகல் ஃபுளோ போட்டால் பாறையும் பின்னால் எழும் பெரிய அலையும் நன்றாக வரும். சிதறும் திவலை வராது. ஒவ்வொரு துளியும் ஒரு ஃபிரேமில் பிறந்து இரண்டு ஃபிரேமில் மறைகிறது. எந்தத் துளி எங்கே போனது என்று தேடிக் கிடைக்காமல் ஜெல்லி மாதிரி இழுத்துவிடும். அலைக்கு 100 அல்லது 120-இல் எடுப்பதே வழி. ஷட்டர் 1/200 அல்லது 1/240. முட்டத்து வெயிலில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை.

கேள்வி: ரிசால்வில் முதலில் ட்ரோன் கிளிப்பை இழுத்துப் போட்டேன். ஏதோ கேட்டது, சேஞ்ச் என்று கொடுத்தேன். முழுக் கல்யாணமும் எடிட் செய்த பிறகுதான் டைம்லைன் 30 என்று தெரிகிறது. மெயின் கேமரா 25. இப்போது மாற்ற விடமாட்டேன் என்கிறது. (குலசேகரம்)

பதில்: கேட்ட கேள்வி இதுதான்: 'கிளிப்பின் ஃபிரேம் ரேட் பிராஜெக்டோடு ஒத்துப்போகவில்லை, பிராஜெக்டை மாற்றட்டுமா?' மீடியா உள்ளே வந்த பிறகு பிராஜெக்டின் ஃபிரேம் ரேட் பூட்டிக்கொள்ளும். ஆனால் புதிய டைம்லைனுக்குத் தனி ரேட் கொடுக்கலாம். நியூ டைம்லைன் பெட்டியில் 'யூஸ் பிராஜெக்ட் செட்டிங்ஸ்' டிக்கை எடுத்துவிட்டு, ஃபார்மட் பகுதியில் 25 வையுங்கள். பழைய டைம்லைனிலிருந்து கிளிப்புகளைக் கொண்டுவந்து அடுக்குங்கள். பழைய டைம்லைனை ஒரே கிளிப்பாக உள்ளே போடாதீர்கள். 25 ஃபிரேம் 30 ஆகி இரட்டித்ததை மறுபடி 25 ஆக்குவீர்கள். இரட்டித்த ஃபிரேம்தான் போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, நல்ல ஃபிரேம் போய் இரட்டை நிற்கலாம்.

அடுக்கிய பிறகு ஒவ்வொரு வெட்டையும் பார்த்தாக வேண்டும். 30-இல் இருந்த வெட்டு 25-இல் இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் விழும். ஏதோ ஒரு பக்கம் ஒதுங்கும்போது அடுத்த ஷாட்டின் ஒரு ஃபிரேம் மின்னிவிட்டுப் போகும், அல்லது ஒரு ஃபிரேம் கறுப்பு வரும். பாட்டுக்குத் தாளம் பார்த்து வெட்டிய இடங்களில் காதாலும் பாருங்கள். மூன்று மணி நேரக் கல்யாணம் என்றால் ஒரு நாள் வேலைதான். ஒரு யோசனை: தாலிகட்டு, ஊர்வலம், மேடை வரிசை போன்ற நீண்ட பகுதிகளை மட்டும் 25-க்கு மாற்றிக் கொடுங்கள், வெட்டு வெட்டாக ஓடும் மூன்று நிமிட ஹைலைட்ஸ் 30-இலேயே போகட்டும். அரை நொடி ஷாட்டில் துள்ளலைப் பார்க்கக் கண்ணுக்கு நேரமில்லை.

கேள்வி: 20 நிமிடக் குறும்படம், 25-இல் எடுத்தோம். திரையிடுகிறவர்கள் 24-இல் டிசிபி (தியேட்டரில் ஓட்டும் டிஜிட்டல் ஃபைல் தொகுப்பு) கேட்கிறார்கள். நொடிக்கு ஒரு ஃபிரேமை எடுத்துவிட்டால் போதுமா? (தோவாளை)

பதில்: எடுக்காதீர்கள். எல்லா ஃபிரேமையும் வைத்துக்கொண்டு படத்தையே 24-இல் ஓட்டுங்கள். வேகம் 96 சதவீதம், 20 நிமிடம் 20 நிமிடம் 50 நொடி ஆகும். நடை, பேச்சு, அழுகை எதிலும் வித்தியாசம் தெரியாது. சத்தத்தில் தெரியலாம்: சுருதி அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். பேச்சுக்குப் பரவாயில்லை, பின்னணியில் நாதஸ்வரமோ பாட்டோ இருந்தால் சுருதி மாறாமல் நீட்டும் கருவியில் 20:50-க்கு நீட்டுங்கள். அதைக் கலந்து முடித்த ஒரே டிராக்கில் செய்யாமல் வசனம், இசை, ஒலிகள் மூன்றையும் தனித்தனியாக நீட்டினால் நடுக்கம் குறையும்.

டிசிபி-ஓ-மேட்டிக் இலவச மென்பொருளில் 25 ஃபைலைப் போட்டு டிசிபி ரேட்டை 24 என்று வைத்தால் படத்தை மெதுவாக்கி, சத்தத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். சுருதியை மட்டும் காக்காது. சப்டைட்டில் ஃபைல் தனியாக இருந்தால் அதன் நேரங்களையும் 25/24-ஆல் பெருக்கி நீட்ட வேண்டும். அதை மறந்தால் கடைசி வசனத்துக்கு எழுத்து 50 நொடி முந்தி வந்து நிற்கும். எஸ்எம்பிடிஇ வகை டிசிபியில் 25-உம் போகும், தியேட்டர் சர்வர் ஏற்குமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டால் இந்த வேலையே இல்லை. பழைய இன்டராப் வகையைக் கேட்டால் 24தான்.

கேள்வி: பழைய மினி டிவி (MiniDV) கேசட்டில் உள்ள கல்யாணத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். கை அசைந்தால் சீப்புப் பல் மாதிரி கோடு. 25 தானே இதுவும்? (திருவட்டார்)

பதில்: 25தான், ஆனால் ஒவ்வொன்றும் இரண்டு அரைப் படம். இரட்டைப்படை வரிகள் ஒரு தருணம், ஒற்றைப்படை வரிகள் 1/50 நொடி கழித்து. இரண்டையும் ஒன்றாகக் காட்டினால் சீப்பு. ஹேண்ட்பிரேக்கில் ஃபில்டர்ஸ் பகுதியில் டீஇன்டர்லேஸ், பிரீசெட் 'பாப்', ஃபிரேம்ரேட் 50, கான்ஸ்டன்ட் வையுங்கள். அரைப் படம் ஒவ்வொன்றும் ஒரு முழு ஃபிரேமாகி, கேசட்டில் பார்த்த அதே வழுவழுப்பு வரும். பிரீமியரில் நேராக எடிட் செய்வதானால் ஃபீல்டு வரிசை 'லோயர் ஃபர்ஸ்ட்' என்று இருக்கிறதா பாருங்கள். மினி டிவி கேசட்டுக்கு அதுதான். 'அப்பர்' என்று இருந்தால் நடப்பவர் இரண்டடி முன்னே ஓரடி பின்னே என்று அதிர்வார்.